வைதேகி டீச்சர் எடுக்காத வாரண்டி

என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு வணக்கம். நம் லேப்டாப் கடையின் சர்வீஸ் கவுன்டரில் இருக்கும் சுழல் நாற்காலியின் இடது கைப்பிடி ஆடும். அதைச் சரிசெய்யச் சொல்லிச் சொல்லியே நான் ஓய்வு பெற்றுவிட்டேன். நீங்களாவது சாதியுங்கள்.

நாற்காலியைத் தாண்டி வேறென்ன சொல்வது என்று யோசித்தேன். ரேம் மாற்றுவது, விண்டோஸ் ஏற்றுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாததை நெட்டில் பார்த்துக்கொள்வீர்கள். நெட்டில் இல்லாத ஒரு கேள்வி தினமும் உங்கள் முன்னால் வந்து நிற்கும். "மேடம், இதை வாங்கி நாலஞ்சு வருஷம் ஆச்சு. வாரண்டியை நீட்டிச்சுக்கலாம்னு போன் வந்துச்சு. எடுக்கலாமா?"

கேட்கிறவருக்கு ஒரு வார்த்தையில் பதில் வேண்டும். உங்கள் முன்னால் இருக்கும் திரை, இந்த மாத இலக்கைச் சிவப்பில் காட்டிக்கொண்டு, "ஆமாம் என்று சொல்" என்னும். பின்னால் ரிப்பேர் மேஜையில் இருப்பவர், "இந்தப் பழசுக்கா?" என்று சிரிப்பார். இரண்டுக்கும் நடுவில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், வைதேகி டீச்சரும் அவர் கணவரும் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த அன்று.

அது ஒரு மாதக் கடைசி. தில்லைநகர்க் கிளையில் வாரண்டித் திட்ட விற்பனை படுத்துக் கிடந்தது. காலையிலேயே மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, "யாரு எதுக்கு வந்தாலும் பேச்சு வாரண்டியில முடியணும் மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே ஒரு மீட்டிங்குக்குப் போயிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் மாதக் கடைசியில் எந்த மேனேஜரும் நல்ல மனிதராக இருக்க முடியாது. நீங்களும் ஒருநாள் மேனேஜர் ஆவீர்கள், அப்போது புரியும்.

மத்தியான வெயில் தாழ்கிற நேரத்தில் இருவரும் உள்ளே வந்தார்கள். முன்னால் ரங்கராஜன் சார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பின்னால் வைதேகி டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து, பிறகு வீட்டிலிருந்தே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எடுப்பவர். சாரின் கையில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் துண்டு சுற்றிய லேப்டாப், சார்ஜர், மவுஸ், திரையில் எழுதுவதற்கான சின்னப் பலகை, அதன் பேனா, வாங்கிய அன்று கொடுத்த பில் எல்லாம் இருந்தன.

"எதைக் கேப்பேளோன்னு எல்லாத்தையும் எடுத்துண்டு வந்துட்டேன்" என்றார் சார். "காலம்பற போன் வந்தது. பழைய லேப்டாப்புக்கும் வாரண்டி உண்டாம். இன்னிக்கோட சலுகை முடியறதாம். எடுத்துடலாம்னு இருக்கேன். போட்டுக் குடுங்கோ."

"எடுத்துடலாம்னு இவர் இருக்கார்" என்றார் டீச்சர். "நான் இல்லை."

"எங்காத்துல ஃப்ரிட்ஜுக்கு இருக்கு, வாஷிங் மெஷினுக்கு இருக்கு, இன்வெர்ட்டருக்கு இருக்கு. இதுக்கு மட்டும் இல்லை. இதுதான் சம்பாதிக்கற ஐட்டம்."

"ஃப்ரிட்ஜுக்கு எடுத்தேளே, கதவு ரப்பர் போனப்போ என்ன சொன்னா? ரப்பர் அதுல வராதுன்னா."

"அது ரப்பர். ரப்பர் வேற."

இப்படி வந்து நிற்கும் தம்பதிகள் உங்களுக்கும் வருவார்கள். ஒருவர் ஏற்கனவே முடிவெடுத்திருப்பார், இன்னொருவர் அந்த முடிவோடு வழி முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு வந்திருப்பார். இருவருமே உங்களை நடுவராக வைத்துக்கொள்வார்கள். யார் பக்கமும் உடனே சாயாதீர்கள். பொருளை வாங்கி மேஜைமேல் வையுங்கள். பொருள் கொஞ்ச நேரம் பேசட்டும்.

நான் லேப்டாப்பை மேஜைமேல் வைத்தேன். அது ஆடியது. ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலை எழுந்தது. மூடியும் சரியாகச் சேரவில்லை. திறந்து பார்த்தால் விரல் தேய்க்கும் பகுதி லேசாக மேலே தள்ளியிருந்தது.

"இது எப்போலேருந்து இப்படி இருக்கு டீச்சர்?"

"ஆட்டமா? கொஞ்ச நாளா இருக்கு. வெயில்ல பிளாஸ்டிக் வளைஞ்சிருக்கும்னு நினைச்சேன். தினம் க்ளாஸ் முடிஞ்சதும் மேல ஒரு கனமான அகராதியை வச்சுடறேன். மறுநாள் கொஞ்சம் படிஞ்சிருக்கும்."

ரிப்பேர் மேஜையிலிருந்து ஜமாலைக் கூப்பிட்டேன். ஜமால் வந்து, பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். "அக்கா, பேட்டரி உப்பியிருக்கு. ஆன் பண்ணாதீங்க" என்று சொல்லி, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எங்க கொண்டு போறார்? எனக்கு இப்போ க்ளாஸ் இருக்கு. வாரண்டி வேணும் வேண்டாம்னு ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டா நான் கிளம்பிடுவேன். துபாய்ப் பசங்களுக்கு நாளைக்குப் பரீட்சை."

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். அந்த நிமிஷத்தில் எனக்கு முன்னால் சுலபமான வழி ஒன்று இருந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு திட்டத்தில் பதிவு செய்துவிடலாம். பரிசோதனையை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம். சாருக்கு மகிழ்ச்சி, மேனேஜருக்கு மகிழ்ச்சி, டீச்சர் நேரத்துக்கு வீடு போய்ச் சேர்வார். போய், உப்பிய பேட்டரியைச் சார்ஜில் போட்டு வகுப்பு எடுத்துவிட்டு, மேலே அகராதியை வைப்பார்.

"டீச்சர், அந்தப் பேட்டரி உள்ளே வாயு சேர்ந்து உப்பியிருக்கு. அழுத்தினா தீப்பிடிக்கலாம். அதோட இதைத் திருப்பிக் குடுக்க என்னால முடியாதுங்க."

"இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிக்கறேன். நாளைக்குக் கார்த்தாலே கொண்டு வந்து தரேன்."

"இன்னிக்கும் முடியாதுங்க."

டீச்சரின் குரல் மாறியது. வகுப்பில் கடைசி பெஞ்சை அடக்குகிற குரல். "என் பொட்டியை எனக்குத் தர மாட்டேன்னு சொல்ல நீங்க யாரு?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரங்கராஜன் சார்கூட ஒரு அடி பின்னால் நகர்ந்தார். நியாயமான கேள்விதான். அது அவர் பொருள். பிடித்து வைத்துக்கொள்ள எனக்கு எந்த உரிமையும் இல்லை.

"பொட்டியைத் தரேங்க. பேட்டரியைக் கழட்டிட்டுத் தரேன். அதுக்கு மட்டும் சரின்னு சொல்லுங்க" என்றேன்.

டீச்சர் தலையசைத்தார். ஜமால் கழற்றினார். வெளியே வந்த பேட்டரி தலையணைபோல் புடைத்திருந்தது. ஜமால் அதை மணல் போட்ட தகர டப்பாவில் வைத்துவிட்டு, சார்ஜரை மட்டும் செருகிப் பார்த்தார். அந்த மாடல் பேட்டரி இல்லாமல் எழுந்திருக்காத மாடல். புதுப் பேட்டரி சென்னையிலிருந்து வர வேண்டும்.

புடைத்ததைப் பார்த்தபின் டீச்சரின் கோபம் போய்விட்டது. ஆனால் முகத்தில் வேறொன்று வந்தது. அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. "பசங்க காத்துண்டிருப்பா" என்றார் மெதுவாக. "ஒரு பொண்ணு இந்தப் பரீட்சைக்குப் பயந்து ரெண்டு நாளா சரியா சாப்பிடலைன்னு அவ அம்மா சொன்னா. இன்னிக்கு நான் வரலைன்னா அது அவ்வளவுதான்."

"போன்ல எடுக்க முடியாதாங்க?"

"எழுதிக் காட்டாம கணக்கு எப்படி எடுக்கறது?"

சார் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் எழுதும் பலகை இருந்தது, பேனா இருந்தது. பாடத் தாள்கள் டீச்சரின் மெயிலில் இருந்தன. இல்லாதது ஓடுகிற ஒரு லேப்டாப் மட்டும்தான். எங்கள் கடையில் அது வரிசையாக மின்னிக்கொண்டிருந்தது. காட்சிக்கு வைத்த லேப்டாப்புகளை வாடிக்கையாளர் சொந்த வேலைக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி. யாரோ ஒருவர் தன் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு மூடாமல் போன பிறகு வந்த விதி. காரணமுள்ள விதி என்பதால் அதை மீறுவதற்கு முன் காரணத்தைப் பார்த்தேன். டீச்சரின் பாஸ்வேர்டு அந்த மெஷினில் தங்கக் கூடாது, அவ்வளவுதானே? ஜமாலிடம் சொன்னேன். அவர் ஓரத்தில் இருந்த ஒரு லேப்டாப்பில் விருந்தினர் கணக்கைத் திறந்து, முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிடுகிற மாதிரி வைத்துக் கொடுத்தார்.

"டீச்சர், இங்கேயே க்ளாஸ் எடுத்துடுங்க."

"இங்கேயா? கடையிலயா?"

"ஏசி இருக்கு. நெட் நல்லா இருக்கு. கரன்ட் போனா ஜெனரேட்டர் இருக்கு."

டீச்சர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். சார் மவுஸை எடுத்துக் கொடுத்தார், பலகையைச் செருகினார், பேனாவை நீட்டினார். பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வந்ததற்கு அன்றுதான் அவருக்கு மனைவியிடம் பாராட்டுக் கிடைத்தது என்று நினைக்கிறேன். "நல்ல வேளை" என்று டீச்சர் சொன்னார். சார் அதைக் காதில் வாங்கி, எங்களைப் பார்த்தார், கேட்டீர்களா என்பதுபோல்.

வகுப்பு தொடங்கியது. திரையில் கட்டம் கட்டமாகப் பிள்ளைகள் முகம். "மிஸ், நீங்க எங்க இருக்கீங்க? பின்னாடி நிறைய லேப்டாப் இருக்கு!" "பணக்காரி ஆயிட்டேன்டா. நோட்டைத் திற." கடை முழுக்கச் சிரித்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் ஒரு கணக்கை எடுத்து, தப்பாகப் போட்டால் எங்கே தப்பாகும் என்பதை முதலில் காட்டினார். பிறகு சரியாகப் போட்டார். புது லேப்டாப் பார்க்க வந்த ஒரு அப்பாவும் பெண்ணும் விலையை மறந்துவிட்டு அங்கேயே நின்றார்கள். நானும் ஒரு கண்ணால் பார்த்தேன். பள்ளியில் எனக்கு அல்ஜீப்ரா ஏறவே ஏறாது. அன்று ஒரு கணக்கு எனக்கே புரிந்தது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் திரும்பி வந்தார்.

கதவைத் திறந்தவர், கூட்டத்தைப் பார்த்து முதலில் மலர்ந்தார். வியாபாரம் என்று நினைத்திருப்பார். நெருங்கி வந்து டீச்சரின் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். திரையில் இருந்த பிள்ளைகள் கையாட்டி, "ஹாய் அங்கிள்!" என்றார்கள். டீச்சர் திரும்பாமலே, "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. வெளிச்சத்தை மறைக்கறேள்" என்றார்.

மேனேஜர் தள்ளி நின்றார். அங்கிருந்தே என்னைப் பார்த்தார். "ஸ்டெல்லா மேடம், என்ன நடக்குது?"

"அல்ஜீப்ரா சார்."

"காட்சிக்கு வச்ச மெஷின்லயா?"

விஷயத்தைச் சொன்னேன். தகர டப்பாவில் இருந்த பேட்டரியையும் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அவர் தன் அறைக்குப் போனார். போகும்போது, "வாரண்டியாவது எடுப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார். "பேசிப் பார்க்கறேன் சார்" என்றேன். உண்மையில் அதற்கான பேச்சே இன்னும் தொடங்கவில்லை.

வகுப்பு முடிந்தது. டீச்சர் ஒரு தம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். சாப்பிடாமல் இருந்த அந்தப் பெண் கடைசிக் கணக்கைத் தானே போட்டுவிட்டாளாம். இனிமேல்தான் அவரால் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க முடியும் என்று தோன்றியது. அவசரத்தில் இருக்கிறவரிடம் வாரண்டி பேசாதீர்கள். அவர்கள் தலையாட்டுவார்கள், ஆனால் கேட்டிருக்க மாட்டார்கள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன். இந்த லேப்டாப் போச்சுன்னா உங்களுக்கு எது போனா தாங்காது? பொட்டியா, உள்ள இருக்கற பாடமெல்லாமா, க்ளாஸா?"

"க்ளாஸ்தான்" என்றார் உடனே. "பொட்டி போனா போறது."

"போனா போறதா?" என்றார் சார்.

நான் திட்டத்தின் தாளை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்து, சத்தமாகப் படித்தேன். பேட்டரி இதில் வராது. சார்ஜர் வராது. கீழே விழுந்தால், காபி கொட்டினால் வராது. உள்ளே இருக்கும் பாடங்கள் போனால் அவர்கள் பொறுப்பில்லை. சேர்வதற்கு முன் பரிசோதனை உண்டு, புதுப் பேட்டரி போடும்வரை இந்த மெஷின் அதில் தேறாது. பழுது வந்தால் மெஷினை வாங்கிக்கொண்டு போவார்கள். பழைய மாடலுக்குப் பாகம் கிடைக்க நாளாகும். அதுவரை மாற்று மெஷின் கிடையாது.

"அப்போ எதுதான் வரும்?" என்றார் சார்.

"உள்ள இருக்கற போர்டு போனா வரும் சார். திரை தானா அணைஞ்சு போனா வரும். அது ரெண்டும் செலவு கூடுனது. போகாதுன்னு என்னால சொல்ல முடியாது. போச்சுன்னா இந்தத் திட்டம் உதவும். ஆனா அப்பவும் சரியாகி வர்ற வரைக்கும் டீச்சர் க்ளாஸ் நின்னுதான் இருக்கும்."

இருவரும் யோசித்தார்கள். அறைக் கண்ணாடி வழியாக மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவேள்?" என்றார் டீச்சர்.

இந்தக் கேள்வி வரும். வந்தால் நழுவாதீர்கள். "புதுப் பேட்டரி போட்டுப்பேன். பாடத்தையெல்லாம் இன்னொரு இடத்துல சேத்து வைப்பேன். திட்டத்துக்குக் குடுக்கற பணத்துல ரெண்டாவது மெஷின் ஒண்ணைத் தயாரா வச்சுப்பேன், பழசா இருந்தாலும் போதும். ஒண்ணு நின்னா அடுத்ததை எடுத்து வச்சுக்கலாம்."

டீச்சர் சாரைப் பார்த்தார். "மாப்பிள்ளை விட்டுட்டுப் போனது ஒண்ணு பரண்ல கிடக்கே."

"அது நத்தை மாதிரி போகும்."

"கொண்டு வாங்க சார், ஜமால் பார்ப்பார்" என்றேன்.

வாரண்டியை விட்டுவிட சார் அரை மனதாக ஒப்புக்கொண்டார். டீச்சரின் லேப்டாப்புக்குச் சென்னையிலிருந்து வந்த பேட்டரியும், பரணிலிருந்து வந்த நத்தைக்குப் புது டிஸ்க்கும் போட்டு, ஜமால் இரண்டையும் ஓட வைத்தார். மேனேஜர் என்னிடம் ஒரு வாரம் அளவாகத்தான் பேசினார்.

இங்கே ஒரு விஷயம் குறுக்கே சொல்லிவிடுகிறேன். நான் வாரண்டிக்கு எதிரி இல்லை. அந்த மாதமே திருவெள்ளறையிலிருந்து வந்த ஒரு பெண் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள் என்றதும், புது லேப்டாப்புக்கு விழுந்து உடைவதையும் சேர்த்துக்கொள்கிற திட்டத்தை நானே வற்புறுத்தி எடுக்க வைத்தேன். புது மெஷின், பாகம் கிடைக்கும், விழுவதற்கு வாய்ப்பு நிறைய. மெஷினின் வயதையும், அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறவரின் வயதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி கதையின் மறுபாதி. இதை நான் எழுதாமல் விட்டால் உங்களுக்கு நான் பாதிதான் சொன்னவளாவேன்.

சில மாதம் கழித்து, கவுன்டரில் கூட்டமாக இருந்த ஒரு நாள், ரங்கராஜன் சார் தனியாக வந்தார். கையில் அதே லேப்டாப். வரிசையில் நிற்கவில்லை. நேராக முன்னால் வந்து மேஜைமேல் வைத்தார்.

"செத்துப் போச்சு" என்றார்.

ஜமால் பார்த்தார். என் காதருகில், "போர்டு போயிடுச்சு அக்கா" என்றார்.

சாருக்கும் கேட்டுவிட்டது. "போர்டுதானே? அன்னிக்கு நீங்க படிச்சேளே, போர்டு போனா வரும்னு. அன்னிக்கு நான் திட்டத்தை எடுத்திருந்தா?"

வரிசையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். மேனேஜர் பக்கத்து மேஜையில் இருந்தார். எனக்கு வாயில் நிறையப் பதில்கள் வந்தன. பழைய மாடல் என்று ஏதாவது காரணம் சொல்லி நிராகரித்திருப்பார்கள் என்று சொல்லலாம். தேய்மானம் கழித்து ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று சொல்லலாம். எதையும் சாரால் சரிபார்க்க முடியாது.

"எடுத்திருந்தா உங்க கைக்காசு இல்லாம மாத்திக் குடுத்திருப்பாங்க சார்" என்றேன்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. நான் மறுப்பேன், அதற்கு அவர் மறுப்பார், என்று ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி வரும் வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருப்பார். இப்போது அத்தனையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"அப்போ என் பக்கம் நியாயம் இருந்தது" என்றார்.

"இருந்துச்சு சார். அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சதை வச்சு நான் சொன்னேன். இது நடந்துடுச்சு. எனக்கு வருத்தம்தான்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"க்ளாஸ் நின்னுச்சா சார்?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார், ஏதோ குற்றச்சாட்டை மறுப்பதுபோல். "நடுவுல பொசுக்குனு அணைஞ்சுது. நான் நத்தையை எடுத்துக் குடுத்தேன். பசங்க கிட்ட 'தண்ணி குடிச்சுட்டு வாங்கோ'ன்னா. அவா குடிச்சுட்டு வரதுக்குள்ள இவ உக்காந்துட்டா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் இங்க சண்டை போட வந்திருக்கேன்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா, 'முடிவு பண்ணினது நான்தானே, அவாளை ஏன் கேக்கறேள்'னு என்னைத்தான் பிடிப்பா."

புதுப் போர்டு போடச் செலவைக் கேட்டார். அந்தப் பணத்துக்கு இன்னொரு பழைய லேப்டாப்பே வாங்கலாம், போட வேண்டாம் என்று சொன்னேன். உள்ளே பாடங்கள் இருந்த டிஸ்க்கை ஜமால் எடுத்து ஒரு சின்ன உறையில் போட்டுக் கொடுத்தார். சார் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

மத்தியானம் சாப்பிடும்போது மேனேஜர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "ஏன் மேடம் ஒத்துக்கிட்டீங்க? அத்தனை பேர் முன்னாடி?"

"கேட்டார் சார்."

"நாம சொல்ற யோசனை தப்பா போகும்னு எல்லாரும் நினைப்பாங்களே."

"சில சமயம் போகுதே சார்."

அவர் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். நான் என்னுடையதை மூடினேன். சரியாக யோசித்துச் சொன்னதும் தப்பாக முடியலாம் என்று மூளைக்குத் தெரியும். ஆனால் எதிரில் உட்கார்ந்து டிஸ்க்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட அந்த மனிதருக்கு நான் சொன்னதால்தான் நஷ்டம். எடமலைப்பட்டி புதூர் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, நாளையிலிருந்து எல்லோரிடமும் "எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. அப்படிச் சொன்னால் யாரும் திரும்பி வந்து என்னைக் கேட்க மாட்டார்கள். எடுத்து வீணாய்ப் போனவர்கள் யாரும் கோபமாக வருவதில்லை, எடுக்காமல் மாட்டியவர்கள்தான் வருவார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் இருப்பவரை மெல்ல மெல்ல மாற்றுவது இலக்கு மட்டுமில்லை, இந்தப் பயமும்தான். மறுநாள் ஒருவர் ரொம்பப் பழைய லேப்டாப்போடு வந்து அதே கேள்வியைக் கேட்டார். கொஞ்சம் தயங்கினேன். பிறகு அவரிடமும், எது போனால் தாங்காது என்றுதான் கேட்டேன்.

ரங்கராஜன் சார் இனி எங்கள் கடைப் பக்கம் வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். ஒரு நாள் காலை, கடை திறந்த கையோடு, தன் வயதுடைய இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அவர் கையில் ஒரு பெரிய பை.

"இவர் எங்க பக்கத்தாத்துக்காரர்" என்றார் சார். "வாரண்டியை நீட்டிக்கச் சொல்லி போன் மேல போன் வரதாம். எடுக்கறதா வேண்டாமான்னு ஒரே குழப்பம். நான் சொன்னேன், தில்லைநகர்ல ஒரு அம்மா இருக்கா, தன் பேர் கெட்டாலும் உள்ளதைச் சொல்லிடுவா, அவகிட்ட கேட்டுடலாம் வாங்கோன்னு."

மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்து நின்றார். நான் எழுந்து, "வாங்க சார், உக்காருங்க. எந்த மாடல்னு பார்ப்போம்" என்று பையை வாங்கிக்கொண்டேன்.

பக்கத்தாத்துக்காரர் பையைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். மிக்ஸி. இரண்டு ஜார், ஒன்றின் மூடியில் நேற்று அரைத்த தேங்காய் ஒட்டியிருந்தது.

நான் மேனேஜரைப் பார்த்தேன். எங்கள் கடையில் லேப்டாப்பைத் தவிர ஒரு குண்டூசிகூட விற்பதில்லை. அவர் தோளைக் குலுக்கிவிட்டு, ஜமாலிடம் மூன்று காபி சொல்லச் சொன்னார்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மிக்ஸியோடு வந்த வாரண்டித் தாளை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்கத் தொடங்கினேன்.